பேனலை மூடுவதற்கு முன்

தேனி மாவட்டப் பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, இந்த வட்டாரத்தில் மூன்று கேள்விகள் எழுந்தன. யார் அனுமதி கொடுத்தது? என்ன ஆபத்து? யாரிடம் போய் முறையிடுவது? 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் அந்தத் திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்ததற்கு, அனுமதி தந்த முறை சரியில்லை என்பதே காரணம். வீடியோ பார்த்துவிட்டு பிரித்த பாகங்களாக வரும் கிட்டை வாங்கி வீட்டு முற்றத்தில் விமானம் பூட்ட ஆசைப்படும் இளைஞர்களும் இதே மூன்று கேள்விகளைத் தங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆசையைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. நம் மலைக்கு அந்தப் பக்கம், தொடுபுழா அருகே, செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாமல் பிறந்த சஜி தாமஸ் சொந்தமாக ஒரு சிறுவிமானம் கட்டினார். ரப்பர் தோட்டத்துக்கு மருந்தடிக்க வந்த ஹெலிகாப்டரைச் சிறுவயதில் பார்த்ததிலிருந்து பிடித்த பைத்தியம் அது. 2014-இல் அந்த விமானம் பறந்தது நம் மாநிலத்தில், திருநெல்வேலிச் சீமையின் மணிமுத்தாறில். மும்பையில் அமோல் யாதவ், குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டி, 2016-இல் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். அதைப் பதிவு செய்ய 2017 வரை ஆனது. சோதனையாகப் பறக்க அனுமதி கிடைக்க 2019 ஆகிவிட்டது. விமானி வேலை பார்த்தவருக்கே இந்தப் பாடு.

சட்டம் கேட்பது மூன்று: விமானத்துக்குப் பதிவு, அது பறக்கத் தகுதியானது என்பதற்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. தரும் சான்று அல்லது சிறப்பு அனுமதி, ஓட்டுகிறவருக்கு உரிமம். ரேடியோ வைத்தால் அதற்கும் தனி உரிமம் வேண்டும். ‘என் தோட்டம், என் விமானம்’ என்ற பேச்சு எடுபடாது. 1934-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய வாயுயான் அதினியத்தில் அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகிறது. ஆகவே கிட்டுக்கு முன்பணம் கட்டும் முன்பே டி.ஜி.சி.ஏ.வின் சென்னை அலுவலகத்துக்கு எழுதுங்கள். இன்ன மாடல், இன்ன எடை, இன்ன இன்ஜின். இதைப் பதிவு செய்ய முடியுமா, எந்தெந்தக் கட்டத்தில் வந்து பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, மனு எந்த மேசையில் நிற்கிறது என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு உண்டு.

கட்டம் கட்டமாக என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் ஒயர். இறக்கையில் அடித்த ஆணியைப் பெயின்ட் அடித்த பிறகும் ஓரளவு பார்க்கலாம். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் ஒயர்க்கட்டை, பேனலை மூடிவிட்டால் யாரும் பார்க்க முடியாது. பிரிட்டனில் கிட் விமானம் கட்டுவோருக்கு இலகு விமானச் சங்கத்தின் ஆய்வாளர் கட்டத்துக்குக் கட்டம் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும் முறை இருக்கிறது. கேரளத்துக்காரரான அசோக் தாமரக்ஷன் எசெக்ஸில் கட்டி முடித்து, 2022-இல் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றிய நான்கு இருக்கை ‘ஸ்லிங்’ விமானம் அந்த நாட்டு முறையில் உருவானதுதான்.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில், கம்பம்மெட்டு ஏற்றத்தில் லைட் அணைந்தால் டிரைவர் ஓரங்கட்டுவார். ஒயரை முறுக்கி, டேப் சுற்றி, வண்டியைக் கிளப்பிவிடுவார். வானத்தில் ஓரங்கட்ட இடம் கிடையாது. அதனால் நம் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களின் கைப்பழக்கம் பல அங்கே செல்லாது. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் கெட்டி என்று நினைப்போம். ஈயம் இழைகளுக்குள் ஏறிய தூரம்வரை ஒயரை விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடிகிற இடத்தில் இன்ஜின் அதிர்வு நாள்பட அதை ஒடிக்கும். அதனால் லக்கு என்னும் உலோக முனையை வைத்து நசுக்கி இறுக்கும் ‘கிரிம்ப்’ முறையே வழக்கம். அதுவும் சாதாரண குறடால் நசுக்கி அல்ல, முழு அழுத்தம் விழுந்த பிறகே வாய் திறக்கும் ராச்செட் பிளையரால். விமானத்துக்கான 22 கேஜ் ஒயரில் 19 மெல்லிய இழைகள் இருக்கும். உறையை உரிக்கும்போது கத்தி பட்டு ஓர் இழை அறுந்தாலும் அந்த முனையை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். கிரிம்ப் அடித்த பிறகு பிடித்து இழுத்துப் பாருங்கள். வருகிறதென்றால் இங்கேயே வரட்டும்.

பி.வி.சி. உறை போட்ட வீட்டு ஒயர் வேண்டாம். எரிந்தால் மூச்சை அடைக்கும் விஷப்புகை வரும், அடைத்த காக்பிட்டில் ஜன்னலைத் திறந்து தப்ப முடியாது. டெஃப்செல் உறை கொண்ட ஒயர்தான் வழக்கம். ஃபியூஸ் போடுவது ரேடியோவைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. ஆகவே ஒயரின் தடிமன் பார்த்து ஃபியூஸ் போடுங்கள். அடிக்கடி போகிறதென்று பெரிய ஃபியூஸ் மாட்டுகிறவர் தீப்பெட்டியைக் கையில் கொடுக்கிறார். எர்த் ஒயர்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் ஹெட்போனில் இரைச்சல் போகவே போகாது. தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். காந்தத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஒயர் போனால் முள் ஏமாற்றும்.

இதெல்லாம் சின்ன விமானத்துக்கான பயம் என்று நினைக்க வேண்டாம். 1998 செப்டம்பர் 2-ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து ஜெனீவா போன சுவிஸ் ஏர் 111 கனடாக் கடலில் விழுந்து 229 பேர் இறந்தார்கள். ஒயரில் எழுந்த தீப்பொறி பக்கத்திலிருந்த உறைப் பொருளில் பற்றியது என்பதே விசாரணையின் முடிவு. காக்பிட்டில் வாசனை தெரிந்ததிலிருந்து விழும்வரை சுமார் 20 நிமிடம்தான்.

அடுத்து, பணம். கிட் வாங்குகிறவர் முன்பணம் கட்டி மாதக்கணக்கில் காத்திருப்பவர். அமெரிக்காவில் இந்தத் தொழிலில் முன்னணியில் இருக்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனமே, லேசரில் வெட்டிய பாகங்களில் விரிசல் கண்ட சிக்கலுக்குப் பிறகு, 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. ஏற்கெனவே பணம் கட்டியிருந்தவர்களிடம் கூடுதல் விலைக்குச் சம்மதம் கேட்டது. அமெரிக்கத் திவால் வழக்கில் பணத்துக்காக வரிசையில் நிற்பது போடிக்காரருக்கு ஆகிற காரியமா? முழுத்தொகையை ஒரே தடவையில் கட்டாதீர்கள். முடிந்தவரை இந்தியாவில் பில் போடும் விற்பனையாளரிடமே வாங்குங்கள்.

விமானம் எட்டாத உயரம் என்று டிரோனுக்குத் திரும்புகிறவர்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அதிகம். 2022 பிப்ரவரி 9 முதல் முழு டிரோனையோ, பிரித்துப்போட்ட டிரோன் கிட்டையோ இறக்குமதி செய்யத் தடை உண்டு; ஆராய்ச்சி, பாதுகாப்புத் துறைகளுக்கு மட்டும் விலக்கு. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். திராட்சைத் தோட்டத்துக்கு வாடகை டிரோனை அழைக்கும்போது காப்பீட்டுத் தாளையும் ஓட்டுநரின் சான்றிதழையும் கேட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை.

வாங்கிய பாகம் மோசம் என்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தீராவிட்டால் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவரும் நுகர்வோர்தான். குறையைக் கண்டறியச் சோதனை தேவைப்பட்டால் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். அதனால் கருகிய ஒயரை வெட்டி எறிந்து புது ஒயர் மாட்டிவிட்டு வழக்குக்குப் போகாதீர்கள். கழற்றாமல் படம் எடுங்கள். கழற்றியதைத் தேதி எழுதி உறையில் போடுங்கள். பில், ஒயர் வரைபடம், பேனல் மூடும் முன் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் அதோடு சேர்த்து வையுங்கள்.