காட்டு வழியும் வாகனத்தில் இராத் தங்கலும்



பாடசாலை விடுமுறை வந்ததும் குடும்பத்தோடு ஜீப்பிலோ டபள் கெப்பிலோ ஏறி, தார் வீதி முடியும் இடத்துக்கும் அப்பால் சென்று, வாகனத்திலேயே படுத்துறங்கித் திரும்பும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. நல்ல பயணம்தான். ஆனால், “ஓட்டுவது அவர், நாம் சோற்றைக் கட்டினால் போதும்” என்று நீங்கள் இருந்துவிடலாகாது. இத்தகைய பயணங்களில் நேரும் விபத்துகள் பலவற்றை, அருகில் இருப்பவர் தக்க நேரத்தில் சொல்லும் ஒரு சொல் தடுத்துவிடும். அதைச் சொல்வதற்கு விடயம் தெரிந்திருக்க வேண்டும்.

புறப்படும் முன்

பாரமான பொருட்களைக் கூரையில் ஏற்ற விடாதீர்கள். மேலே பாரம் கூடினால் சரிவில் வாகனம் புரள்வது எளிது. தண்ணீர்க் கேன்களும் அரிசியும் கீழே, இரு அச்சுகளுக்கும் நடுவே இருக்கட்டும். கேஸ் சிலிண்டரை நிமிர்த்திக் கட்டுங்கள். மண்வெட்டி, உறுதியான கயிறு, ஜக், அதன் அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு, காற்றடிக்கும் பம்பு ஆகியவை இல்லாமல் புறப்பட வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் தண்ணீர் வையுங்கள். அது குடிப்பதற்கு மட்டுமே போதுமானதாக இருந்தால், வுழூவுக்குப் பதில் தயம்மும் செய்ய மார்க்கம் இடமளித்திருக்கிறது. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டிலுள்ள ஒருவரிடம் சொல்லி வையுங்கள். காட்டில் தொலைபேசி எல்லா இடத்திலும் வேலை செய்யாது.

மணலும் மலையும்

கற்பிட்டி, மன்னார் போன்ற கரையோர மணலில் டயர் புதைவதற்குக் காரணம், கடினமாகக் காற்றடித்த டயர் மணலைக் கத்திபோல் வெட்டுவதுதான். வழக்கமாக 30க்கு மேல் இருக்கும் காற்றை 20 பீ.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தால் டயர் பரந்து மணலின்மேல் மிதக்கும். அப்போது மெதுவாக ஓட்ட வேண்டும். தார் வீதிக்கு ஏறுமுன் மீண்டும் காற்றடிக்க வேண்டும். சக்கரம் புதைந்துவிட்டால் எஞ்சினை முறுக்குவதில் பயனில்லை, குழிதான் ஆழமாகும். முன்னாலுள்ள மணலை வெட்டியகற்றி, சாக்கோ பழைய பாயோ விரித்து மெல்ல எடுக்க வேண்டும்.

நக்கிள்ஸ் மலைத்தொடரில் மீமுரே கிராமத்துக்கு இறங்கும் பாதை போன்ற செங்குத்துச் சரிவுகளில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே போனால் அது சூடேறிச் செயலிழக்கும். நான்கு சக்கர இயக்கத்தில், குறைந்த கியரில், எஞ்சினே வாகனத்தைப் பிடித்துக்கொள்ள இறங்க வேண்டும். ஏற முடியாமல் நின்றுவிட்டால் வாகனத்தைக் குறுக்கே திருப்பக் கூடாது; பின்கியரில் நேராகவே இறக்க வேண்டும்.

கயிறு கட்டி இழுக்கும்போது பிள்ளைகளைக் கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரத்தில் நிறுத்துங்கள். அறுந்த கயிறு ஆளைக் கொல்லும்.

ஓடும் நீர்

இங்கேதான் உங்கள் சொல்லுக்கு மிகுந்த பெறுமதி உண்டு. ஒரு அடி ஆழத்தில் வேகமாக ஓடும் நீர் சிறிய காரை இழுத்துச் செல்லும். இரண்டடி நீர் ஜீப்பையும் புரட்டும். நடந்து கடக்க முடியாத நீரை வாகனத்தில் கடக்க முடியாது. முதலை உள்ள ஆறுகளில் இறங்கி ஆழம் பார்க்கவும் கூடாது. கலங்கிய நீர் பெருகி வந்தால், “திரும்புவோம்” என்று சொல்லத் தயங்காதீர்கள். மழைக்காலத்தில் மலைப் பக்கம் போகுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டறியுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளை நாடு மறக்கவில்லை.

இராத் தங்குமிடம்

இரவில் தங்கும்போது பாதையை விட்டு விலகித் தங்குமாறும், அது இரவில் பிராணிகளும் விஷ ஜந்துக்களும் நடமாடும் வழி என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. நமது நாட்டில் யானைத் தடங்களுக்கு இது அப்படியே பொருந்தும். குளக்கரையிலும், வற்றிய ஆற்று மணலிலும், பட்ட மரத்தின் கீழும் தங்க வேண்டாம். வில்பத்து போன்ற தேசிய பூங்காக்களில், அனுமதி பெற்று, ஒதுக்கப்பட்ட இடங்களில் மட்டுமே கூடாரமடிக்கலாம்.

தூங்கும்போது தீயை எரிய விடாதீர்கள் என்பதும் நபிமொழியே. குளிருக்காக வாகனத்துக்குள் கரிச் சட்டி வைப்பதும், குளிரூட்டிக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் உயிருக்கு உலை வைப்பவை. காபனோரொட்சைட்டு என்னும் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூங்கியவர் விழிக்காமலே போய்விடுவார். கண்ணாடியைச் சற்றுத் திறந்து வைப்பதாலும் இந்த ஆபத்து நீங்கிவிடாது. எஞ்சின் நிற்க வேண்டும், அடுப்பு வெளியே அணைய வேண்டும்; அதன் பின்னரே கண்ணாடியைச் சற்று இறக்கி, நுளம்பு வலை கட்டித் தூங்குங்கள்.

காலையில் சப்பாத்தை உதறிவிட்டு அணியுங்கள். பாம்பு தீண்டினால் இறுகக் கட்டுவதோ வெட்டுவதோ வேண்டாம்; கடிபட்டவரை அசைய விடாமல் விரைவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 சுவ செரிய அம்பியூலன்ஸ் இலக்கம் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நமக்குக் கற்பிக்கப்பட்ட வழி. அடுத்த விடுமுறைக்குப் புறப்படும் நாளில், சாப்பாட்டுக் கூடையைக் கட்டுமுன் டயரையும் கயிற்றையும் ஒருமுறை நீங்களே பாருங்கள்.