மௌனம் பணி உறுதி ஆகுமா?

உத்தியோகத்தின் பொருட்டு ஊரை விட்டுக் கொல்கத்தா வந்து சேரும் நம்மவர்க்கு, முதல் நியமனக் கடிதம் பெருமகிழ்ச்சி தருவது. பெற்றோருக்குச் செய்தி பறக்கிறது. லேக் மார்க்கெட்டுப் பக்கம் வாடகைக்கு அறை பார்க்கப்படுகிறது. ஆயின், அக்கடிதத்தில் 'ஆறு மாதம் புரொபேஷன்' என்றிருப்பதை ஊன்றிப் படிப்போர் சிலரே.

அண்மையில் இளைஞர் ஒருவர் நம்மை நாடி வந்தார். தகுதிகாண் காலமாகிய ஆறு மாதம் முடிந்து, மேலும் இரண்டு மாதம் கழிந்தும் அவருக்குப் பணி உறுதிக் கடிதம் வரவில்லை. குறையென்று எவரும் ஒரு சொல் கூறவுமில்லை. திடீரென ஒரு நாள், 'ஒரு மாதத்தில் விலகிக்கொள்க' என்று நோட்டீஸ் வந்தது. ஊரில் தங்கையின் திருமணத்துக்கு நாள் குறித்திருந்த வேளை அது. "ஐயா, ஆறு மாதம் கடந்தபின் நான் நிரந்தர ஊழியன் அல்லவா? மௌனம் சம்மதம் என்பார்களே!" என்றார் அவர்.

இவ்வினாவுக்கு விடை நம் மதுரையில் எழுந்த வழக்கொன்றிலேயே உண்டு. எக்ஸ்பிரஸ் நியூஸ்பேப்பர்ஸ் நிர்வாகம் தொடுத்த அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, 1964-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்றது. அது கூறும் நெறி இது: ஆறு மாதத் தகுதிகாண் காலத்துக்கு அமர்த்தப்பட்டவரை, அக்காலம் முடியுமுன் ஒழுங்கீனம் முதலிய தக்க காரணமின்றி நீக்கலாகாது, முடிந்தபின் உறுதி செய்யலாம் அல்லது விடுவிக்கலாம், இரண்டும் செய்யாவிடில், அவர் தகுதிகாண் ஊழியராகவே தொடர்கிறார். ஆகவே, மௌனம் உறுதியுமன்று, நீக்கமுமன்று. விதிவிலக்கு ஒன்றுண்டு. இவ்வளவு காலத்துக்கு மேல் நீட்டிக்கலாகாது என்று பணி விதிகளே வரம்பு கட்டியிருந்தால், அவ்வரம்பைக் கடந்து பணியில் வைத்திருப்பது உறுதி செய்ததற்கு ஒப்பாகும் என்று, 1968-இல் பஞ்சாப் மாநில வழக்கொன்றில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அங்ஙனமாயின் தகுதிகாண் ஊழியர்க்கு உரிமையே இல்லையோ எனின், உண்டு. நம் நகரின் சால்ட் லேக்கிலுள்ள சத்யேந்திரநாத் போஸ் தேசிய அடிப்படை அறிவியல் மையத்தில் தகுதிகாண் ஊழியர் ஒருவர் நீக்கப்பட்டார். நீக்க ஆணை சுட்டிய முந்தைய கடிதங்களில் அவர்மீது களங்கம் கற்பிக்கும் சொற்கள் இருந்தன. முறையான விசாரணையோ நடைபெறவில்லை. 1999-இல் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை ரத்துச் செய்தது. பணிக்குப் பொருந்தவில்லை என்று விடுவிப்பது வேறு. விசாரியாமல் பழி சுமத்தி விலக்குவது வேறு. அது அரசு சார்ந்த நிறுவனம் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். தனியார் கம்பெனியில் பணிபுரியும் தொழிலாளர், தொழிலாளர் துறை அலுவலரிடம் முறையிடுவதே முதற்படி.

நோட்டீஸ் காலத்திலும் ஒருவர் ஊழியரே; அந்நாள்களின் சம்பளம் அவருக்குரியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையிலுள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீக்கப்பட்டவருக்கும் தாமே விலகியவருக்கும் சேரவேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாள்களுக்குள் தீர்த்தல் வேண்டும். 'நீங்களே ராஜிநாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், அதுதான் நல்லது' என்று இனிமையாகக் கூறுவோர் உளர். ஒப்பமிட்டபின், நீக்கப்பட்டேன் என்று வாதிடுவது அரிதாகும். ஆதலின் யோசியாது கையொப்பம் இடற்க.

அவ்விளைஞரின் நோட்டீஸை வாங்கிப் படித்தோம். 'நேர்மையின்மை' என்றொரு சொல் அதில் இருந்தது. உத்தியோகத்தை மீட்பது கடினம் என்பதை மறைக்காமல் சொன்னோம். ஆயினும் அச்சொல்லை விட்டுவைக்கலாகாது என்றோம். விசாரணையின்றி எழுதிய அதனை நீக்குமாறு பணிவாகவும் உறுதியாகவும் கடிதம் எழுதினார். இரு வாரத்தில் அச்சொல் இல்லாத புதிய கடிதமும், முழுச் சம்பளமும் வந்தன. வேலை போயிற்று, நற்பெயர் போகவில்லை. அப்பெயரைக் கொண்டே அடுத்த மாதம் வேறிடத்தில் அமர்ந்தார்.

அன்பர்களே, நியமனக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். தகுதிகாண் காலம் முடியும் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்நாள் வந்ததும், உறுதிக் கடிதம் வேண்டுமென எழுத்தில் கேளுங்கள். அவர்கள் மௌனம் சாதிக்கலாம், நாம் சாதிக்கலாகாது.