கடல் கடந்து வரும் கடனுக்குக் கணக்குக் கேட்பது யார்?



வளைகுடா நாடுகளில் உழைக்கும் பிள்ளைகளின் பணத்தால் அடுப்பெரியும் வீடுகள் எங்கள் வேப்பந்தட்டை வட்டாரத்தில் பல உண்டு. அந்தப் பணம் வந்து சேர்ந்ததும், வீட்டிலுள்ள பெரியம்மா முதல் கடைக்குட்டி வரை கணக்குப் பார்க்கிறோம். ஆனால், கடல் கடந்து வரும் இன்னொரு பணம் இருக்கிறது. நம் பெயரால் வாங்கப்பட்டு, நம் ஊர்களுக்கென்று செலவிடப்பட்டு, நம் பிள்ளைகளால் திருப்பிச் செலுத்தப்படவிருக்கும் பணம் அது. அதைப் பற்றி நாம் எப்போதாவது ஒரு கேள்வி கேட்டதுண்டா?

‘அயல்நாட்டு உதவி’ என்ற சொல்லைக் கேட்டதும், யாரோ இரக்கப்பட்டு அள்ளிக் கொடுத்த தர்மம் என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில், அதில் பெரும்பகுதி கடனே. நம் மாநிலத்தின் மகளிர் குழுக்களின் வரலாறே இதற்குத் தக்க சான்று.

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் என்னும் அரசு நிறுவனம் 1983ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் கடனுதவியோடு, தருமபுரி மாவட்டத்தில் அது மகளிர் குழுக்களை அமைக்கத் தொடங்கியது. பின்னர் சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கும் அப்பணி விரிந்தது. ரோம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிதியம், மேலை நாடுகளும் எண்ணெய் வளமுள்ள நாடுகளும் சேர்ந்து 1977இல் உருவாக்கிய ஐக்கிய நாடுகள் அமைப்பாகும். அதன் முதல் தலைவர் சவூதி அரேபியாவைச் சேர்ந்த அப்துல் முஹ்சின் அல்-சுதைரி அவர்கள். எங்கோ பாலைவனத்தில் எடுத்த எண்ணெயின் வருவாயில் ஒரு துளி, தருமபுரிப் பெண்களின் சேமிப்புப் புத்தகத்துக்கும் வழி தேடி வந்தது என்பது எண்ணத்தக்கது.

அதன்பின் 2005இல் உலக வங்கியின் கடனுடன் ‘புதுவாழ்வுத் திட்டம்’ பல மாவட்டங்களில் தொடங்கி, 2017 வரை நடந்தது. அதனைத் தொடர்ந்து, மீண்டும் உலக வங்கிக் கடனுடன் ‘வாழ்ந்து காட்டுவோம்’ திட்டம் வந்தது.

இந்தப் பணம் எவ்வழியாக வருகிறது? மாநில அரசு அயல்நாட்டில் நேரடியாகக் கடன் வாங்க இயலாது. இந்திய எல்லைக்குள் கடன் பெறும் அதிகாரத்தையே அரசமைப்புச் சட்டத்தின் 293ஆவது பிரிவு மாநிலங்களுக்கு வழங்கியுள்ளது. எனவே, சென்னையில் உருவாகும் திட்டம், தில்லியில் நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறைக்குச் செல்கிறது. கடனாளியாகக் கையொப்பமிடுவது இந்திய அரசு. பொதுவாக, மாநிலம் முதலில் தன் வரவு செலவுத் திட்டத்திலிருந்து செலவழித்துக் கணக்கை அனுப்ப வேண்டும். தில்லியிலுள்ள அயல்நாட்டு உதவிக் கணக்கு அலுவலகம் அதைச் சரிபார்த்து, கடன் கொடுத்தவரிடம் கோரிப் பெறுகிறது. ஆக, கணக்கு ஒழுங்காக இல்லையென்றால் பணம் வராது.

முன்பெல்லாம் இவ்வாறு வந்த தொகையில் 30 சதவீதத்தை மானியமாகவும், 70 சதவீதத்தைக் கடனாகவும் மத்திய அரசு நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு வழங்கிற்று. அயல்நாட்டு நாணயத்தின் மதிப்பு ஏறினால் அச்சுமையையும் மத்திய அரசே தாங்கியது. 2005ஆம் ஆண்டு ஏப்ரலுக்குப் பின் அம்முறை மாறிவிட்டது. எந்த நிபந்தனையில் கடன் வந்ததோ, அதே நிபந்தனையில் அது மாநிலத்தின் தலையில் இறங்குகிறது. நாணய மதிப்பின் ஏற்றத்தையும் இப்போது மாநிலமே சுமக்க வேண்டும். உலக வங்கிக் குழுமத்தின் சலுகைக் கடன்கள் அந்நாளில் 35 ஆண்டுத் தவணையில் தரப்பட்டன. முதல் 10 ஆண்டுகள் அசல் கட்ட வேண்டியதில்லை. 2005இல் பெற்ற கடனின் கடைசித் தவணை 2040ஆம் ஆண்டு வாக்கில் வரும் என்றால், இன்று எங்கள் மதரஸாவில் அலிஃப், பே ஓதும் குழந்தைகளும் அக்கடனைத் தீர்ப்பவர்களுள் அடங்குவர்!

இனி, என் குறையொன்றைச் சொல்லிவிடுகிறேன்.

புதுவாழ்வுத் திட்டம் நடந்த காலத்தில், வேறொரு மாவட்டத்திலுள்ள உறவினர் ஊருக்குச் சென்றிருந்தேன். அன்று அங்கே கிராம சபை. அத்திட்டத்தின் சிறப்பே, ஏழைகள் யார் என்பதை ஊர் மக்களே கூடி அடையாளம் காண்பதும், அப்பட்டியலைக் கிராம சபையில் வாசித்து ஒப்புதல் பெறுவதும்தான். பணம் கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தின் கணக்கிற்கே தவணை தவணையாக வந்தது. அதன் செலவைப் பார்க்க, ஊரார் தேர்ந்தெடுத்த சமூகத் தணிக்கைக் குழுவும் இருந்தது. பட்டியலை வாசித்தார்கள். கணவரை இழந்து, பீடி சுற்றிப் பிழைக்கும் எங்கள் தூரத்து உறவுப் பெண்மணியின் பெயர் அதில் இல்லை. பள்ளிவாசல் தெருவிலிருந்து ஒருவரும் சபைக்கு வரவில்லை. நானோ, “விருந்தாளிக்கு ஏன் இந்த வேலை?” என்று வாய்மூடி அமர்ந்திருந்தேன். “ஆட்சேபணை உண்டா?” என்று கேட்டார்கள். இல்லையென்று எழுதிக்கொண்டார்கள்.

மாலையில் அப்பெண்மணி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “அங்கேதானே இருந்தீங்க, ஹஜ்ரத்?”

இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நம் தெருக்காரர்கள் ஏன் வருவதில்லை? “குழுக் கடனில் வட்டி இருக்கிறது, நமக்கு அது வேண்டாம்” என்பது வழக்கமான விடை. வட்டியிலிருந்து விலகி நிற்பது சரியே. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், கடன் வேண்டாம் என்பது வேறு. சபை வேண்டாம் என்பது வேறு. புதுவாழ்வுத் திட்டத்தில் வங்கிக் கடன் மட்டுமா இருந்தது? மாற்றுத் திறனாளிகளுக்கும் நலிந்தோருக்கும் உதவியும், இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சியும் இருந்தன. வட்டிக்கு அஞ்சி வீட்டிலிருந்தவர்கள், வட்டியில்லாத உரிமையையும் சேர்த்தே இழந்தார்கள். ஆனால், அரசு வாங்கிய கடனைத் தீர்க்கும் வரியில் நமக்கு எவ்வித விலக்கும் இல்லை!

சகோதர, சகோதரிகளே! பொதுப் பணம் ஓர் அமானிதம். அதைக் கையாளும் அதிகாரிக்கு எவ்வளவு பொறுப்பு உண்டோ, அதற்குச் சாட்சியாக இருக்கும் நமக்கும் பொறுப்பு உண்டு. தில்லியில் ஒரு தணிக்கை, சென்னையில் ஒரு தணிக்கை நடக்கலாம். செலவான தொகை சரிதானா என்பதை அவர்கள் காண்பார்கள். விடுபட்ட விதவையின் பெயரை அந்தத் தணிக்கையாளர் எப்படி அறிவார்? அது தெருவிலுள்ளவருக்கு மட்டுமே தெரியும்.

தமிழகத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்து வரும் அந்நாளில், ஆண்களும் பெண்களுமாகச் சென்று அமருங்கள். நம் ஊரில் நடக்கும் திட்டம் எது, அதன் பணம் எங்கிருந்து வருகிறது, பயனாளிகள் யார் யார் என்று பணிவோடு கேளுங்கள். பட்டியலை வாசிக்கும்போது, விடுபட்ட பெயர் உங்கள் நினைவுக்கு வந்தால், எழுந்து நின்று சொல்லுங்கள். அது அண்டை வீட்டாரின் பெயராக இருந்தாலும் சரி, அயல் தெருவில் வாழும் மாற்றுச் சமயத்தவரின் பெயராக இருந்தாலும் சரி.

நான் அன்று சொல்லத் தவறியதை, நீங்கள் சொல்லுங்கள்.