‘நாலு நாள்தானே’ என்று நிறுத்திவிடாதீர்கள்!

புதுப்பட்டினத்தில் குடியிருக்கும் ஓர் அம்மாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது நாற்பத்தைந்து. சின்ன வயதில் தொண்டை வலி, மூட்டு வீக்கம் என்று வந்துபோன ருமாட்டிக் காய்ச்சல், சத்தமில்லாமல் இதய வால்வைக் கெடுத்துவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஆபரேஷன் செய்து செயற்கை வால்வு பொருத்தினார்கள். அன்றிலிருந்து தினமும் ராத்திரி ஒரு மாத்திரை.

இப்போது அவருக்குக் கடைவாய்ப் பல் வலி. பிடுங்கியாக வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா யோசனை சொல்கிறார்: “நீ ரத்தம் நீர்த்துப் போற மாத்திரை சாப்பிடறியே, பல்லைப் பிடுங்கினா ரத்தம் நிக்காம கொட்டப் போவுது. நாலு நாளைக்கு நிறுத்திடும்மா. அப்புறம் போட்டுக்கலாம்.”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? அம்மா நிறுத்துகிறார். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாளும் ஆகவில்லை. பல்லும் போயாச்சு. ‘இந்த மாத்திரை இல்லாமலேயே நல்லாத்தானே இருக்கோம்’ என்று மனசு சொல்கிறது. இங்கேதான் ஆபத்து! சர்க்கரை மாத்திரையை விட்டால் உடம்பு ஏதாவது ஒரு வகையில் முனகும். இது முனகாது.

சரி, இந்த மாத்திரை என்னதான் செய்கிறது? பெயர் வார்ஃபரின். நம் ஊரில் அதன் தம்பியான அசிட்ரோமும் நிறையப் பேருக்குப் பழக்கம். ரத்தத்தைத் தண்ணீராக்குவது இதன் வேலை அல்ல. உறைவதற்கு வேண்டிய சில பொருள்களை நம் கல்லீரல், வைட்டமின் ‘கே’யின் உதவியோடு தயாரிக்கிறது. அந்த உதவியை மாத்திரை தடுக்கிறது. அவ்வளவுதான்!

இது கண்டுபிடிக்கப்பட்ட கதையே சுவாரஸ்யம். 1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் கெட்டுப்போன தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. 1933-ல் ஒரு விவசாயி, உறையாத ரத்தத்தை ஒரு பாத்திரத்தில் பிடித்துக்கொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கே போய்விட்டார். அங்கிருந்த கார்ல் லிங்க் என்ற விஞ்ஞானியின் குழு காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தது. அந்த வழியில் பிறந்ததுதான் வார்ஃபரின். முதலில் எலி மருந்து, 1954-ல் மனிதருக்கு மருந்து! (முகம் சுளிக்காதீர்கள். அளவு தெரிந்து கொடுத்தால் நஞ்சும் மருந்துதான்.)

வால்வு கதைக்கு வருவோம். 1990 டிசம்பரில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில், டாக்டர் வலியத்தான் குழுவினர் உருவாக்கிய சித்ரா வால்வு முதல்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இந்தியத் தயாரிப்பு என்பதால் விலை குறைந்து, ஏழைகளுக்கும் எட்டியது. ஆனால் சித்ராவோ, வெளிநாட்டு உலோக வால்வோ, எதுவானாலும் ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். கண்ட இடத்தில் உறையப் பார்க்கும். உறைகட்டி வால்வின் தட்டைத் திறக்கவோ மூடவோ விடாமல் பிடித்துக்கொண்டால், மூச்சு முட்டி உயிருக்கே ஆபத்து. அது பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம்.

இப்போது அந்த ‘நாலு நாள்’ கணக்கைப் பாருங்கள். அசிட்ரோமை விட்டால் இரண்டு மூன்று நாளிலேயே பாதுகாப்பு குறைந்துவிடும். வார்ஃபரின் என்றால் நாலைந்து நாள். சரி, திரும்பப் போட ஆரம்பித்தால் அன்றைக்கே சரியாகிவிடுமா? ஆகாது. பழைய நிலைக்கு வர மறுபடியும் பல நாள் பிடிக்கும். ஆக, நீங்கள் நாலு நாள் லீவு கொடுத்தால், வால்வு ஒரு வாரமோ அதற்கு மேலோ காவல் இல்லாமல் கிடக்கிறது!

பல் பிடுங்க நிறுத்த வேண்டுமா என்றால், ஒன்றிரண்டு பல்லுக்குப் பெரும்பாலும் தேவையே இல்லை. முன்கூட்டியே ‘ஐ.என்.ஆர்.’ என்ற ரத்தப் பரிசோதனை செய்து, அளவு சரியாக இருந்தால், பஞ்சை அழுத்திக் கடிக்கச் சொல்லியோ, ஒரு தையல் போட்டோ பல் டாக்டரே சமாளித்துவிடுவார். வால்வு வைத்தவருக்கு அதற்கு முன் ஆன்டிபயாடிக்கும் கொடுக்க வேண்டும். அதனால் விஷயத்தை மறைக்காதீர்கள். பெரிய ஆபரேஷன் என்றால் மாத்திரையை நிறுத்தத்தான் வேண்டும். அப்போது தேவைப்படுகிறவர்களுக்கு இடையில் ஹெப்பாரின் ஊசி போட்டுக் காவல் காப்பார்கள். அதை முடிவு செய்வது இதய டாக்டர். பக்கத்து வீட்டு அக்கா அல்ல!

ஐ.என்.ஆர். என்பது சாதாரண ஆளுக்கு 1-ஐ ஒட்டி இருக்கும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு இருந்தால் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை வைத்திருப்பார்கள். அயோர்ட்டிக் இடம் என்றால் 2 முதல் 3. உங்கள் இலக்கு எது என்று டாக்டரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. ‘மாத்திரையைத் தொடரவும்’ என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். ஏன் என்று உட்கார்ந்து சொல்ல யாருக்கும் நேரமில்லை.

கீரை? தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த மாசம் துளிகூட இல்லை என்று தாண்டிக் குதிக்கக் கூடாது. கடலோரத்து மீனுக்குத் தடை இல்லை. தலைவலி, கால்வலி என்று கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைக்குத்தான் தடை.

குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்த மாத்திரை ஆரம்ப மாதங்களில் கருவைப் பாதிக்கலாம் என்பது உண்மை. அதைக் கேட்டு பயந்து, நாள் தள்ளியதும் தானாகவே நிறுத்துகிறவர்கள் தாயின் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். மாற்று வழி உண்டு.

‘ரத்தப் பரிசோதனையே வேண்டாத புது மாத்திரை வந்திருக்காமே?’ வந்திருக்கிறது. ஆனால் உலோக வால்வுக்கு அது ஆகாது. 2012-ல் டாபிகாட்ரானைச் சோதித்தபோது உறைகட்டியும் ரத்தக்கசிவும் அதிகமாகி, ஆராய்ச்சியையே பாதியில் நிறுத்தினார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் வேறு ஜாதி. அவற்றையும் சொந்தமாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்.

உலோக வால்வுக்கு ஒரு குரல் உண்டு. அமைதியான ராத்திரியில் ‘டிக் டிக்’ என்று சிலருக்குக் கேட்கும். அந்தச் சத்தம் திடீரென்று மங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, வாய் கோணி, கை தொய்ந்து, பேச்சு குழறினாலோ, ஒரு கால் சில்லிட்டு வலித்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108-க்குப் போன் செய்துவிட்டு, திருக்கழுக்குன்றம் தாண்டி செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, அவர்கள் சொல்லும் இடத்துக்கோ உடனே புறப்படுங்கள். மாத்திரைச் சீட்டு கையில் இருக்கட்டும்.

ஒரு வேளை மறந்துபோனால்? அன்றைக்கே ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் அன்றைய மாத்திரை மட்டும்தான். இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். காலண்டரில் ஒரு சுழி போட்டு வைத்து, அடுத்த முறை டாக்டரிடம் சொல்லுங்கள்.