விரலளவில் ஒரு சரக்கு ரயில்



தபால்தலை சேர்ப்போரை நீங்கள் அறிவீர்கள். பழைய நாணயம் சேர்ப்போரையும் அறிவீர்கள். சரக்கு ரயில் வேகன்களைச் சேர்ப்போரும் உலகில் உண்டு என்றால், அவற்றை வீட்டில் எங்கே நிறுத்துவது என்று கேட்பீர்கள். உண்மையான வேகனை நூற்றறுபதில் ஒரு பங்காகக் குறுக்கிச் செய்த மாதிரி, மேசையின் இழுப்பறையில் அடங்கிவிடும். அத்தகைய மாதிரிகளுள் கண்டெய்னர் ஏற்றும் வேகன்களைப் பற்றியே இன்று கூற விரும்புகிறேன்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தாருக்குக் கண்டெய்னர் புதிய பொருளன்று. ஓசூர்த் தொழிற்பேட்டையிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறிச் செல்லும் லாரிகளின் முதுகில் அந்த நீண்ட இரும்புப் பெட்டகத்தை நாள்தோறும் காண்கிறோம். ஆனால் அதன் அருமை புரிய வேண்டுமானால், இவ்வட்டாரத்தில் ஓடி மறைந்த இரு சிறு ரயில்களை நினைத்துப் பார்க்க வேண்டும். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-லும், மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-லும் இரண்டரை அடி அகலமுள்ள பாதைகள் அமைந்தன. தர்மபுரிப் பாதை 1913-ல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இவ்விரண்டும் மூடப்பட்டன. ஓசூருக்குப் பிற்காலத்தில் வேறு பாதை வந்தது. கிருஷ்ணகிரி நகருக்கு இன்றும் ரயில் இல்லை.

அந்தச் சிறு ரயிலில் வந்த மூட்டை, மொரப்பூரிலோ திருப்பத்தூரிலோ இறக்கப்பட்டு, அகலப் பாதை வண்டியில் மீண்டும் ஏற்றப்பட வேண்டும். ஏற்றும் கூலி, இறக்கும் கூலி, சேதம், தாமதம் யாவும் சரக்கின் விலையில் ஏறும். இத்துன்பம் உலகெங்கும் இருந்தது. மூட்டையை மாற்றுவதற்குப் பதில் பெட்டகத்தையே மாற்றினால் என்ன என்று எண்ணியவர்களுள் முக்கியமானவர் மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்க லாரி முதலாளி. 1956 ஏப்ரல் 26 அன்று அவருடைய ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல், 58 பெட்டகங்களுடன் நியூஆர்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. 1968-ல் சர்வதேசத் தர அளவு வகுக்கப்பட்டது. இந்தியாவில் 1973-ல் கொச்சித் துறைமுகம் கண்டெய்னரைக் கண்டது. நமக்கு அண்மையிலுள்ள பெங்களூரில் 1981-ல் உள்நாட்டுக் கண்டெய்னர் நிலையம் ஏற்பட்டது.

இனி மாதிரிகளுக்கு வருவோம். மாதிரி ரயிலின் உயிர் அதன் விகிதம். ‘எச்.ஓ.’ என்பது 87-ல் ஒரு பங்கு. ‘என்’ என்பது 160-ல் ஒரு பங்கு. மேர்க்லின் என்ற ஜெர்மன் நிறுவனம் 1972-ல் கொண்டுவந்த ‘இசட்’ என்பது 220-ல் ஒரு பங்கு. இவ்வளவு சிறிதாக ஏன் குறுக்க வேண்டும்? நம் நாட்டுக் கண்டெய்னர் ரயில் ஒன்றில் பொதுவாக 45 வேகன்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு நாற்பதடிப் பெட்டகம் என்று கொள்வோம். பெட்டகங்களை மட்டும் வரிசையாக வைத்தாலே ஏறக்குறைய 549 மீட்டர் ஆகும். எச்.ஓ. அளவில் அது 6.3 மீட்டர், நம் வீட்டு அறைகளுக்குள் அடங்காது. என் அளவில் 3.4 மீட்டர், சுவரோரமாக ஒரு பலகையில் முழு ரயிலும் நின்றுவிடும்.

நாற்பதடிப் பெட்டகத்தின் நீளம் 12,192 மில்லிமீட்டர். இருபதடிப் பெட்டகமோ அதில் சரிபாதி அன்று, 6,058 மில்லிமீட்டரே. இரண்டை ஒரே வேகனில் வைத்தால் நடுவே 76 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குல இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளி இருப்பதால்தான் இரண்டும் ஒன்றையொன்று இடியாமல் நாற்பதடி இடத்தில் அமர்கின்றன. என் அளவில் அது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நல்ல மாதிரியில் அந்த மயிரிழையும் தப்பாது.

இந்திய ரயிலை மாதிரியாக்குவோருக்கு ஒரு சங்கடம் உண்டு. நம் அகலப் பாதையின் அகலம் 1,676 மில்லிமீட்டர். அதை 160-ஆல் வகுத்தால் பத்தரை வரும். கடையில் கிடைக்கும் என் அளவுத் தண்டவாளமோ ஒன்பது மில்லிமீட்டர்தான். அது மேல்நாட்டுப் பாதைக்கு ஏற்ப அமைந்தது. வேகனைச் சரியான விகிதத்தில் செய்தால் பாதை குறுகிவிடும். பாதையையும் திருத்த வேண்டுமானால் தண்டவாளத்தைத் தாமே அமைக்க வேண்டும். எவ்வழியைக் கொண்டாலும் தவறில்லை; கொண்ட வழியை அறிந்து கொள்ள வேண்டும், அவ்வளவே.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் நாட்டில் தாழ்தள வேகன்கள் ஐந்தைந்தாகப் பிணைக்கப்பட்டிருக்கும். ஓரங்களில் இரண்டு, நடுவில் மூன்று. பிற வண்டிகளுடன் கோக்கும் இணைப்பு இரு கோடியிலும் மட்டுமே உண்டு. ஆகவே ஒற்றை வேகனை வைத்திருப்பவர், ஐந்தில் ஒரு பங்கையே வைத்திருக்கிறார்.

பெட்டகத்தின் மீதுள்ள எண்ணும் வீண் அலங்காரமன்று. நான்கு எழுத்துகள், ஆறு இலக்கங்கள், கடைசியில் கட்டமிட்ட ஓர் இலக்கம். எழுத்துகளுக்கும் அட்டவணைப்படி மதிப்பு உண்டு. முதல் பத்தையும் முறையே 1, 2, 4, 8 என இரட்டித்துச் சென்று 512 வரை பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால், மீதியே அந்தக் கடைசி இலக்கம்; மீதி பத்தானால் பூஜ்யம். கணக்கு ஒவ்வாவிடில் எண் பிழையானது. உங்கள் மாதிரியிலுள்ள எண்ணையும் இவ்வாறே சோதிக்கலாம்.

நான் பணியாற்றிய பள்ளியில் இரு மாணவர்கள் இருந்தனர். ஒருவனுக்கு அவன் மாமா வெளிநாட்டிலிருந்து எச்.ஓ. வேகன் ஒன்று அனுப்பியிருந்தார். அதன்மேல் வைக்க அவன் வாங்கிய பெட்டகம் 76-ல் ஒரு பங்கு அளவினது. அது வேகனின் இருபுறமும் துருத்தி நின்றது. மற்றவன் ஒரு கூலித் தொழிலாளியின் மகன். பழைய நோட்டு அட்டையை 69.6 மில்லிமீட்டர் நீளம், 28 அகலம், 29.8 உயரமாக வெட்டி ஒட்டிக் கொணர்ந்தான். அது வேகனில் கச்சிதமாக அமர்ந்தது. அதுவரை கடைசி வரிசையில் தலை குனிந்திருந்த அந்தப் பையனைச் சூழ்ந்துகொண்டு, அளவை எப்படிக் கண்டாய் என்று வகுப்பே கேட்டது. அவன் கரும்பலகையில் வகுத்துக் காட்டினான்.

பணம் இருப்பவரே சேர்க்க முடியும் என்று எண்ணாதீர்கள். ஒரு விகிதத்தைத் தேர்ந்து கொள்ளுங்கள். அதைக் கடைசிவரை விடாதீர்கள். ரயில் தண்டவாளத்தருகே சென்று அளக்க முற்பட வேண்டா. தர அளவுகள் யாவும் அச்சில் கிடைக்கின்றன. விகிதம் தவறிய நூறு வேகன்கள் வெறும் குவியல். விகிதம் தவறாத ஐந்து அட்டை வேகன்கள் ஒரு சேகரிப்பு.