எண்ணிம அண்மைப் பார்வைச் சோதனை

எண்ணிம அண்மைப் பார்வைச் சோதனை என்பது, கைப்பேசி அல்லது கணினித் திரையில் எழுத்துக்களைக் காட்டி, அருகிலுள்ளவற்றைக் காணும் திறனை அளக்கும் முறையாகும். நாற்பது வயதையொட்டித் தொடங்கும் வெள்ளெழுத்தைக் கண்டறிய இது பயன்படுகின்றது. வயது ஏற ஏறக் கண்வில்லை நெகிழ்ச்சியை இழப்பதே வெள்ளெழுத்துக்குக் காரணம். இது கிட்டப்பார்வையிலிருந்து வேறானது; கிட்டப்பார்வை உடையவருக்குத் தொலைவிலுள்ளவையே மங்கலாகத் தெரியும்.

தேவை

வெள்ளெழுத்து படிப்போருக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களிலும், மேகமலையின் தேயிலைத் தோட்டங்களிலும், போடிநாயக்கனூரின் ஏலக்காய்த் தரம் பிரிப்பிலும் கைக்கெட்டும் தொலைவில் கூர்ந்து பார்த்தல் இன்றியமையாதது. அசாமில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன தேயிலை பறிப்போரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2018 இல் வெளியானது. அதில், அண்மைப் பார்வைக் கண்ணாடி பெற்றோரின் பறிப்பு, பெறாதோருடையதை விட ஏறத்தாழ 22% கூடுதலாக உயர்ந்தது.

சோதனை முறை

உலக சுகாதார அமைப்பின் வரையறைப்படி, 40 செ.மீ. தொலைவில் என்6, அதாவது 6 புள்ளி அச்செழுத்தைக் காண இயலாமை அண்மைப் பார்வைக் குறைபாடாகும். எழுத்தறியாதோருக்கு, ஆங்கில 'ஈ' எழுத்து நான்கு திசைகளில் திருப்பிக் காட்டப்படும். அதன் கால்கள் நோக்கும் திசையை அவர் கையால் காட்டுவார். குருட்டாம்போக்கில் சொன்னாலும் நான்கில் ஒன்று சரியாகலாம் என்பதால், ஒவ்வோர் அளவும் பலமுறை காட்டப்படும்.

திரையில் கவனிக்க வேண்டியவை

அச்சட்டையில் எழுத்தின் அளவு மாறாது. திரையில் அது கருவிக்குக் கருவி மாறும். எனவே 85.6 மி.மீ. அகலமுள்ள வங்கி அட்டை போன்ற ஒன்றைத் திரைமீது வைத்து அளவைச் சரிசெய்யலாம். இயல்பான கண், 40 செ.மீ. தொலைவில் ஏறத்தாழ 0.58 மி.மீ. உயர எழுத்தை அறியும். அங்குலத்திற்கு 400 படப்புள்ளிகள் உள்ள திரையில் இதற்கு 9 புள்ளிகள் கிடைக்கும். 160 உள்ள திரையில் 4 கூடக் கிடைக்காது. மூன்று கோடுகளும் இரண்டு இடைவெளிகளும் கொண்ட 'ஈ' எழுத்தைத் தெளிவாக வரைய அது போதாது. சோதிக்கப்படுபவர் கைப்பேசியை 30 செ.மீ. அளவிற்கு நெருக்கிப் பிடித்தால் எழுத்து மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கையை நீட்டினால் சிறிதாகும். ஆகவே 40 செ.மீ. நீளக் கயிற்றால் தொலைவை அளந்து கொள்வது நன்று.

தேனியில் தொலைமருத்துவம்

அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையை போடிநாயக்கனூர், சின்னமனூர் முதலிய இடங்களிலுள்ள பார்வை மையங்களுடன் கம்பியில்லா வலையமைப்பு இணைத்தது. பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் இன்டெல் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய இத்திட்டத்தில் ஐந்து மையங்கள் இணைந்திருந்தமை 2006 இல் அறிவிக்கப்பட்டது. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார். மருத்துவர் தேனியிலிருந்து நிகழ்படம் வழியாக நோயாளியுடன் பேசுவார்.

வரம்புகள்

எழுத்தைச் சரியாகக் காண்பதால் கண் நலமாக உள்ளது எனக் கொள்ளலாகாது. கண் அழுத்த நோய் முதலில் பக்கப் பார்வையையே பறிப்பதால், அந்நோயுடையவரும் இச்சோதனையில் தேறக்கூடும். நீரிழிவால் வரும் விழித்திரை நோயும் தொடக்கத்தில் இதில் தெரியாது. எனவே இச்சோதனை கண்ணாடி தேவைப்படுவோரைக் கண்டறியுமேயன்றி, மருத்துவரின் முழுமையான கண் பரிசோதனைக்கு ஈடாகாது.