குழந்தைக்குக் கடலையும் முட்டையும் எப்போது?

உரத்தையும் பூச்சிமருந்தையும் பற்றிப் பேசுகிறவர் இன்றைக்குப் பச்சைப்பிள்ளை சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்க வேண்டாம். சேலம் மானாவாரிக் காட்டில் விளையும் நிலக்கடலையும், நாமக்கல் பண்ணை முட்டையும் நம் வீட்டுக் குழந்தைக்குச் சேருகிறதா என்பதும் விவசாயச் செய்திதான்.

"கடலை கொடுத்தால் கரப்பான் வரும், முட்டை கொடுத்தால் மாந்தம் வரும், ரெண்டு வயசு ஆகட்டும்" என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. படித்த மருத்துவர்களும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னார்கள். ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு முட்டையை 2 வயது வரைக்கும், கடலையை 3 வயது வரைக்கும் தள்ளிவைக்கும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000-ஆம் ஆண்டில் யோசனை சொன்னது. தள்ளிவைத்ததால் பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்று 2008-இல் அந்த யோசனையைக் கைவிட்டது.

பிறகு லண்டனில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. முடிவு 2015-இல் வெளியானது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள, 4 முதல் 11 மாதம் வரையான 640 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கடலை உணவு வாரத்தில் மூன்று முறையாவது கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு அடியோடு நிறுத்தினார்கள். 5 வயதில் பார்த்தால், நிறுத்திய பிரிவில் நூற்றுக்கு 17 பேருக்குக் கடலை ஒவ்வாமை இருந்தது. சாப்பிட்ட பிரிவில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான். காரணம் என்னவென்றால், வெடிப்புவிட்ட தோல் வழியாக முதலில் நுழையும் கடலைத்தூளை உடம்பு பகையாக எடுத்துக்கொள்ளலாம். வாய் வழியாக முதலில் போனால் உணவாகப் பழகிக்கொள்கிறது.

சரி, நாம் எப்படிச் செய்வது? முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். 6 மாதம் முடிந்ததும் கேழ்வரகுக் கூழ், குழைந்த சோறு, பருப்பு என்று துவக்குங்கள். அது ஒத்துப்போனதும் முட்டை, கடலையைச் சேர்க்கலாம். தாய்ப்பாலை 2 வயது வரையிலும், அதற்கு மேலும் தொடரலாம்.

முட்டையை நன்றாக வேகவைத்து, மசித்துக் கொடுங்கள். அரைவேக்காடு கூடாது. கடலையை வறுத்து, தோல் நீக்கி, நைசாக அரைத்துச் சலித்து, கூழில் கலக்குங்கள். முழுக் கடலையை 5 வயது வரை கொடுக்கவே கூடாது. மூச்சுக்குழலில் அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். முதல் நாள் கால் தேக்கரண்டி போதும். காய்ச்சல், சளி இல்லாத நாளில், காலை நேரத்தில் கொடுத்து, இரண்டு மணி நேரம் கவனியுங்கள். ஒத்துக்கொண்டால் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ஒரே நாளில் இரண்டு புதுப் பண்டம் வேண்டாம். ஒத்துக்கொண்டதை வாரம் இரண்டு மூன்று முறை தொடர்ந்து கொடுங்கள். நடுவில் விட்டுவிடக் கூடாது.

குழந்தைக்குக் கடுமையான கரப்பான் இருந்தாலோ, ஏற்கனவே ஏதாவது உணவு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைக் கேட்டுத்தான் துவக்க வேண்டும். கொடுத்த பிறகு உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி கண்டால் அந்த உணவை நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு இழுத்தாலோ, குழந்தை துவண்டுபோனாலோ, கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே 108-க்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, விவசாய இலாகாக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். திரட்சியான கடலையை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, சொத்தையையும் சூம்பினதையும் வீட்டுக்கு வைப்பது நம்ம பக்கத்துப் பழக்கம். பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிகள் செத்தது இந்த நஞ்சு கலந்த கடலைப் பிண்ணாக்கால்தான். இது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுக்கப் போகாது. ஆகவே காயைக் குலுக்கினால் பருப்பு உருளும் சத்தம் கேட்கும்வரை காயவையுங்கள். பூசணம், கருப்பு, சூம்பல் எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளுங்கள். விதைக்கு எடுத்துவைப்பது போல, முதல்தரமான கடலையில் ஒரு படி குழந்தைக்கென்று தனியாக எடுத்துவையுங்கள்.